பாட்டு மாறியது, பந்தி மாறியதா?
(தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் வாழ்க்கை)



நம்ம விழுப்புரம், திண்டிவனம் பகுதி சபைகளிலே பழைய கீர்த்தனை ஒன்றை எடுத்துவிட்டால் போதும், தாய்மார்கள் கண்ணை மூடிக்கொண்டு தாளம் தட்டிப் பாடுகிறார்கள். டோலக்கும் தம்புரினும் தானாகச் சேர்ந்துகொள்கிறது. ஆனால் அந்தப் பாட்டை எழுதினது யார் என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பதில் வராது. அந்தக் கீர்த்தனைகளில் அநேகத்தை எழுதினவர் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார். 1774-ம் ஆண்டிலே பிறந்து, 1864-ம் ஆண்டிலே கர்த்தருக்குள் நித்திரையடைந்தவர். நாம் இன்று ஆசரிக்கிற பெந்தெகொஸ்தே எழுப்புதலுக்கு சுமார் நாற்பது ஆண்டுகளுக்கு முன்னாலே ஓட்டத்தை முடித்தவர். ஆனாலும் அவருடைய ஜீவியத்திலே இந்த நாட்களில் இருக்கிற நமக்குத் தேவையான பாடம் உண்டு. ஆறுதலான பாடமும் உண்டு, குத்துகிற பாடமும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் சொல்ல வேண்டியது கடமை.

தகப்பன் தொடங்கின தேடல்

வேதநாயகம் பிறந்தது திருநெல்வேலிச் சீமையிலே, 1774 செப்டம்பர் 7-ம் தேதி. அவருடைய தகப்பனார் அருணாசலம் பிள்ளை சைவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். தமிழ் நன்றாகப் படித்தவர். திருநீறு பூசின வீட்டிலே வளர்ந்தவர், முதலாவது ரோமன் கத்தோலிக்க சபையிலே சேர்ந்து தேவசகாயம் என்று பேர் பெற்றார். அதோடு அவருடைய தேடல் நின்றுவிடவில்லை. வேதத்தை அவரவர் சொந்த பாஷையிலே வாசிக்கச் சொல்லுகிற லுத்தரன் மிஷனெரிமாருடைய உபதேசம் அவர் உள்ளத்தைத் தொட்டது. பிறகு அந்தச் சபையிலே சேர்ந்தார், அங்கே உபதேசியாராகவும் ஊழியம் செய்தார்.

பாருங்கள், ஒரே மனுஷன், ஒரே ஆயுசிலே மூன்று வீடு மாறினார். அந்தக் காலத்திலே அது எவ்வளவு பெரிய காரியம்! சொந்தக்காரர் ஒரு தரம் ஒதுக்குவார்கள், கூட இருந்த சபையார் இன்னொரு தரம் ஒதுக்குவார்கள். நம்முடைய விசுவாசிகளிலும் எத்தனையோ பேர் இப்படித்தானே வந்திருக்கிறீர்கள்? மேல்மலையனூருக்கு நேர்ந்துகொண்ட குடும்பம், வேளாங்கண்ணிக்கு நடந்துபோன குடும்பம், மிஷன் சபையிலே மூன்று தலைமுறையாய் இருந்த குடும்பம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருக்கிறது. தேடுகிறவனைப் பார்த்து ஜனங்கள் நிலையில்லாதவன் என்று ஏசுவார்கள். ஆனால் சத்தியத்துக்காகத் தாகம்கொண்டு நடக்கிறவனைக் கர்த்தர் அலையவிட்டுவிடுகிறவர் அல்ல. சமாரிய ஸ்திரீ கிணற்றண்டையிலே எந்த மலையிலே தொழ வேண்டும் என்ற கேள்வியை எழுப்பினாள் (யோவான் 4). அந்தக் கேள்விக்காக ஆண்டவர் அவளைத் தள்ளிவிடவில்லையே!

இந்தத் தகப்பனுக்குப் பிறந்த பிள்ளைக்கு வேதபோதகம் என்று பேரிட்டார்கள். பின்னாளிலே வேதநாயகம் என்ற பேரே நிலைத்தது. தாயார் ஞானப்பூ அம்மாள் பிள்ளை சிறுவனாய் இருக்கும்போதே மரித்துப்போனார்கள்.

சுவார்ட்ஸ் ஐயரின் கை

அந்த நாட்களிலே தஞ்சாவூரைத் தங்கி ஊழியம் செய்தவர் சுவார்ட்ஸ் ஐயர். ஜெர்மனி தேசத்தார். 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்து, 1798-ல் மரிக்கும்வரைக்கும் ஒருதரமும் சொந்த தேசத்துக்குத் திரும்பாத மனுஷன். விவாகம் செய்துகொள்ளவில்லை. நவாப்பும், ராஜாவும், கம்பெனி துரைகளும் ஒருவரையொருவர் நம்பாத காலத்திலே, எல்லாரும் நம்பின ஒரே ஆள் அவர்தான்.

அவர் 1785-ம் ஆண்டு பாளையங்கோட்டைக்கு வந்தபோது, சுமார் பதினொரு வயதுப் பையனாகிய வேதநாயகத்தைக் கண்டார். பையனுக்குள்ளே இருந்த வரத்தை அவருடைய கண் கண்டுபிடித்துவிட்டது. தகப்பனாரிடத்தில் கேட்டு, தஞ்சாவூருக்குத் தம்மோடே கூட்டிக்கொண்டு போனார். தாயில்லாத பிள்ளைக்கு சுவார்ட்ஸ் ஐயர் தகப்பனும் குருவுமானார். அதே நாட்களிலேதான் தஞ்சை ராஜாவாகிய துளஜாஜி 1787-ல் தத்தெடுத்த சிறுவன் சரபோஜியையும் சுவார்ட்ஸ் ஐயருடைய பாதுகாப்பிலே விட்டார். ஒரு பக்கம் அரண்மனைப் பிள்ளை, ஒரு பக்கம் உபதேசியார் பிள்ளை. இருவருக்கும் சிறு வயதிலே உண்டான பழக்கம் சாகும்வரைக்கும் விடவில்லை.

பிறகு வேதநாயகம் தரங்கம்பாடிக்குப் போய்ப் படித்தார். அங்கே ஜான் ஐயர், ராட்லர் ஐயர் முதலான மிஷனெரிமாரிடத்தில் வேத சாஸ்திரத்தோடு வான சாஸ்திரம், கணிதம், சரீர சாஸ்திரம் எல்லாம் கற்றுக்கொண்டார். இருபது வயது எட்டும் முன்னமே தஞ்சை மிஷன் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை உபாத்தியாயர் ஆகிவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

ஊர்ப் பாட்டிலே சுவிசேஷம்

மிஷனெரிமார் தங்கள் தேசத்து ராகங்களிலே ஞானப்பாட்டுகளைக் கொண்டுவந்தார்கள். அவைகளும் நல்லவைகளே. ஆனால் வயல்வெளியிலே நடவு நடுகிற பெண்ணின் வாயிலே அந்த ராகம் சுலபமாய் வருமா? சாஸ்திரியார் கும்மி, அம்மானை, குறவஞ்சி, கீர்த்தனை என்று நம்ம ஜனங்களுடைய பாட்டு வகைகளையே எடுத்தார். கோவில் திருவிழாவிலே ஆடின குறவஞ்சியை அவர் கையிலே எடுத்து, 1800-ம் ஆண்டு வாக்கிலே பெத்லகேம் குறவஞ்சியைப் பாடினார். அதிலே கதாநாயகி தேவமோகினி ஆண்டவர்மேல் அன்புகொண்டு ஏங்குகிறாள். விசுவாசமே குறத்தியாக வந்து குறி சொல்லுகிறாள். பறவை பிடிக்கிற சிங்கன் வலை வீசுகிறான், அந்த வலை சுவிசேஷம், பறவைகள் ஆத்துமாக்கள். மீன் பிடிக்கிறவர்களை மனுஷரைப் பிடிக்கிறவர்களாக்கினார் ஆண்டவர், சாஸ்திரியாரோ குருவி பிடிக்கிறவனையும் சுவிசேஷகனாக்கிவிட்டார்! பூமி சூரியனைச் சுற்றுகிறது என்கிற வான சாஸ்திரம்கூட அந்தப் பாட்டுக்குள்ளே வருகிறது.

நோவாவின் பேழையைப் பாடின ஞானத்தச்ச நாடகமும் அவருடையதே. ஜெபமாலை என்ற பாட்டுத் தொகுப்பும் அவருடையதே. 1814-ம் ஆண்டிலே சாஸ்திரக் கும்மி என்று ஒன்று எழுதினார். அதிலே சகுனம் பார்க்கிறதையும், நாள் நட்சத்திரம் பார்க்கிறதையும் வெளுத்துக் கட்டியிருக்கிறார். யாரைப் பார்த்து? புறஜாதியாரைப் பார்த்து மாத்திரம் அல்ல, ஞானஸ்நானம் எடுத்த பிறகும் பழைய பயங்களை இடுப்பிலே முடிந்துவைத்திருந்த கிறிஸ்தவர்களைப் பார்த்து! இந்தக் காலத்திலும் சிலர் சபைக்கும் வருகிறார்கள், புது வீட்டுக்குப் பால் காய்ச்ச ராகுகாலமும் பார்க்கிறார்கள். சாஸ்திரியார் இன்று இருந்தால் இன்னொரு கும்மி எழுதியிருப்பார், இல்லீங்களா?

அரண்மனையிலே வந்த சோதனை

1798-ல் சரபோஜி சிங்காசனம் ஏறினார். அவர் கல்விமான், சங்கீதத்தை நேசித்தவர். சரசுவதி மகால் நூல் நிலையத்தைப் பெருக்கினவர். பால்ய சிநேகிதனாகிய கவிராயரை அரண்மனைக்கு அழைத்துப் பாடல் கேட்பார். கிறிஸ்தவப் பாட்டைக் கேட்பதற்கு அந்த இந்து ராஜாவுக்குக் கூச்சமே இல்லை.

அப்படிப்பட்ட ராஜா ஒரு வேண்டுகோள் வைத்தாராம். சாஸ்திரியாருடைய வம்சத்தார் வழிவழியாய்ச் சொல்லிவருகிற சாட்சி இது. பெத்லகேம் குறவஞ்சியைப்போலவே பெரிய கோவில் தெய்வத்தின்பேரிலும் ஒன்று பாட வேண்டும், பிள்ளையார் துதியோடு தொடங்க வேண்டும் என்று கேட்டாராம். சற்று யோசித்துப் பாருங்கள். கேட்கிறவர் ராஜா. அதோடு கூடப் பழகின சிநேகிதன். சோறு போடுகிற கை. நாலு வரி பாடிவிட்டால் என்ன, மனசு ஆண்டவரிடத்தில் இருந்தால் போதாதா என்று எத்தனை பேர் சமாதானம் சொல்லிக்கொண்டிருப்போம்! அவருடைய தகப்பனார் வளர்ந்த மார்க்கம்தானே அது, அந்நியமானதும் அல்லவே.

சாஸ்திரியார் சம்மதிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, இயேசுவை மாத்திரமே துதிக்கும்படி தன் சொந்த மனதுக்கே புத்தி சொல்லுகிற ஒரு கீர்த்தனையைப் பாடினார் என்கிறார்கள். ராஜாவும் கோபித்துக்கொள்ளவில்லை, சிநேகம் குறையவில்லை. தகப்பன் மூன்று வீடு மாறித் தேடினதை, மகன் ஒரே இடத்திலே கால் ஊன்றிப் பிடித்துக்கொண்டார். தேடுகிறதற்கு ஒரு காலம் உண்டு, கண்டடைந்ததை விடாமல் பற்றிக்கொள்ளுகிறதற்கு ஒரு காலம் உண்டு. கல்யாண மேடைக் கச்சேரியிலே பாடுகிற, வாசிக்கிற நம் வாலிபத் தம்பிமாரே, இந்த இடத்தை இரண்டு தரம் வாசியுங்கள்.

அவர் இடறின இடம்

தேவ ஜனமே, இதோடு நிறுத்திவிட்டால் அழகான சாட்சி. ஆனால் வேத புஸ்தகம் தாவீதின் சங்கீதத்தையும் எழுதியிருக்கிறது, தாவீதின் குற்றத்தையும் எழுதியிருக்கிறது. ஆகையால் மீதியையும் சொல்லத்தான் வேண்டும்.

தஞ்சாவூர் சபையிலே வேளாளக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கமும், தாழ்த்தப்பட்ட சமுதாயத்துக் கிறிஸ்தவர்கள் மறுபக்கமும் உட்காருவது வழக்கமாய் இருந்தது. கர்த்தருடைய பந்தியிலும் முன்னாலே இவர்கள், பின்னாலே அவர்கள். சுவார்ட்ஸ் ஐயர் இதை விரும்பாதவர்தான், ஆனாலும் கட்டாயம் பண்ணாமல், மெள்ள மாறும் என்று பொறுத்துக்கொண்டார். அவருக்குப்பின் வந்த புதிய மிஷனெரிமார் பொறுக்கவில்லை. ஒரே இடத்தில் உட்கார வேண்டும், ஒரே பாத்திரத்தில் பானம்பண்ண வேண்டும் என்றார்கள்.

அதோடு அவர்கள் வேறு காரியங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஜனங்கள் மனப்பாடமாய் வைத்திருந்த பப்ரீசியஸ் ஐயருடைய வேத மொழிபெயர்ப்பைத் திருத்தினார்கள். பண்டிகைகளிலும் கல்யாணத்திலும் பூ வைக்கக்கூடாது என்றார்கள். ஆலயத்திலே சாஸ்திரியாருடைய தமிழ்க் கீர்த்தனைகளைப் பாடுவதையும் தடுத்தார்கள். தன் ஆயுசின் ஊழியத்தையே அவருடைய வாயிலிருந்து பிடுங்கினதுபோலாயிற்று.

சாஸ்திரியார் எதிர்த்து எழுதினார். வேத மொழிபெயர்ப்பு, பாட்டு, பூ ஆகியவைகளைக்குறித்து அவர் சொன்னதிலே நியாயம் இருந்தது. ஆனால் நாலாவது காரியத்தையும் அதே மூட்டையிலே வைத்துக் கட்டிவிட்டார். ஜாதி என்பது தேசத்து வழக்கம், மார்க்கத்துக்கு விரோதமல்ல, அதை மாற்றச் சொல்லுகிறதே கொடுமை என்று வாதாடினார். ஜாதியைத் திருத்த நினைப்பது பைத்தியக்காரத்தனம் என்கிற பொருளிலே 1829-ல் ஒரு நூலே எழுதிவைத்தார். அதே ஆண்டிலே மிஷன் உத்தியோகமும் அவர் கையைவிட்டுப் போனது.

எனக்கு மிகுந்த வேதனை தருகிற இடம் இதுதான். சகுனத்தைப் பார்த்துச் சிரித்த கண்ணுக்கு, பக்கத்திலே உட்காருகிற சகோதரன் தெரியவில்லை. ராஜாவுக்கு முன்பாக வளையாத முழங்கால், சொந்த ஜனத்தாருடைய பெருமைக்கு முன்பாக வளைந்துபோயிற்று. அவர் மாத்திரம் அல்ல, அப்போஸ்தலனாகிய பேதுருவும் இப்படி இடறினாரே! யோப்பா பட்டணத்து மேல்வீட்டிலே தரிசனம் கண்டவர், கொர்நேலியு வீட்டிலே ஆவியானவர் இறங்கினதைக் கண்ணாரக் கண்டவர், அந்தியோகியாவிலே சிலர் வந்தவுடனே பயந்து, புறஜாதி விசுவாசிகளோடு சாப்பிடுகிறதை விட்டு விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லாருக்கும் முன்பாக எதிர்த்தார், அது சுவிசேஷத்தின் சத்தியத்துக்கே ஏற்காத நடை என்று கண்டித்தார் (கலாத்தியர் 2). அப்படியானால் பந்தி விஷயம் சின்ன விஷயம் அல்ல.

முதிர்வயதிலும் ஓயாத பாட்டு

உத்தியோகம் போனவரை சரபோஜி ராஜா கைவிடவில்லை. 1829 முதல் அரண்மனைக் கவிராயராக வைத்து ஆதரித்தார். கிறிஸ்தவ மிஷன் தள்ளினவரை இந்து ராஜா சேர்த்துக்கொண்டார், அப்போதும் சாஸ்திரியார் தம்முடைய விசுவாசத்தை மாற்றவில்லை. கசப்பிலே மார்க்கத்தையே விட்டுப்போகிறவர்கள் உண்டு, அவர் போகவில்லை. 1832-ல் சரபோஜியும் மரித்தார். 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் தஞ்சை ராஜ்யமே முடிந்துபோயிற்று. சாஸ்திரியார் அதையும் பார்த்தார்.

இதற்குள்ளே கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-ல், சபைக்குள்ளே ஜாதி வித்தியாசம் அடியோடு ஒழிய வேண்டும் என்று கட்டளை அனுப்பினார். தஞ்சாவூரிலே அநேகர் சபையைவிட்டு வெளியேறினார்கள். சத்தியம் ஜெயித்ததா என்றால் கட்டளை ஜெயித்தது, இருதயங்கள் உடனே மாறவில்லை.

1853-ம் ஆண்டிலே கர்த்தர் இன்னொரு கதவைத் திறந்தார். மதுரைப் பக்கத்து அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த வெப் ஐயர், சாஸ்திரியாருடைய கீர்த்தனைகளை ஏராளமாய்ச் சேர்த்து ஒரு பாட்டுப் புஸ்தகம் அச்சிட்டார். தஞ்சையிலே ஆலயத்துக்குள் நுழையக்கூடாது என்று தடுக்கப்பட்ட பாட்டு, அச்சேறி ஊர் ஊராகப் போனது! நம் வீட்டு அலமாரியிலே இருக்கிற கிறிஸ்தவ கீர்த்தனைகளுக்கு வேர் அதுதான்.

அதே 1853-லே நம்ம பக்கத்திலும் ஒரு வேலை தொடங்கினது. ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள் அமெரிக்கன் ஆற்காடு மிஷனை ஆரம்பித்தார்கள். ஐடா ஸ்கடர் அம்மையார் வைத்திய ஊழியத்துக்கு அழைப்புப் பெற்ற திண்டிவனம் அந்த மிஷனைச் சேர்ந்ததே. அவர்கள் ஆரம்பத்திலிருந்தே சபைக்குள் ஜாதியை அனுமதிப்பதில்லை என்று உறுதியாய் நின்றார்கள். நம் பாட்டன் பூட்டன் ஞானஸ்நானம் எடுத்த மண்ணிலே இப்படி ஒரு அஸ்திபாரமும் போடப்பட்டிருக்கிறது என்பதை மறக்கக்கூடாது.

1864 ஜனவரி 24-ம் தேதி, எண்பத்தொன்பது வயதிலே சாஸ்திரியார் தஞ்சாவூரிலே ஜீவனை விட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை வைத்துப்போனார். அவருடைய சந்ததியார் தலைமுறை தலைமுறையாய்க் கதாகாலட்சேபம் செய்து அந்தப் பாட்டுகளைக் காப்பாற்றி வந்தார்கள்.

நமக்கு என்ன?

விழுப்புரம் ஜங்ஷனிலே ரயிலேறினால் சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போய்ச் சேரலாம். பெரிய கோவிலுக்குப் பக்கத்திலே, சிவகங்கைக் குளத்தண்டையிலே சுவார்ட்ஸ் ஐயர் கட்டின ஆலயம் நிற்கிறது. மரணப்படுக்கையிலே கிடக்கிற சுவார்ட்ஸ் ஐயரையும், பக்கத்திலே நிற்கிற சரபோஜியையும் ராஜா பளிங்கிலே செதுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். மிஷனெரியும் ராஜாவும் கை பிடித்திருக்கிற சிற்பம் அது. அதே ஊர்ச் சபையிலே இரண்டு விசுவாசிகள் ஒரே பாயிலே உட்காரச் சண்டை நடந்தது!

பிரியமானவர்களே, நம்முடைய கிராமங்களிலே ஊர்த் தெரு வேறு, காலனி வேறு. அது நமக்குத் தெரியும். எழுப்புதல் கூட்டத்துப் பந்தலிலே எல்லாரும் கலந்து உட்காருகிறோம், அந்நிய பாஷை பேசுகிறோம், கட்டிப்பிடித்து ஸ்தோத்திரம் சொல்லுகிறோம். கூட்டம் முடிந்து வீட்டு ஜெபத்துக்குப் போகும்போது, சிலருடைய வீட்டிலே மாத்திரம் தண்ணீர் வேண்டாம் என்கிறோமே, அது ஏன்? பெண் கொடுக்க, பெண் எடுக்க உட்காரும்போது, இரட்சிக்கப்பட்டவரா என்று கேட்கிறதற்கு முன்னாலே வேறு எதையோ கேட்கிறோமே, அது ஏன்? நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தின மனுஷனைக் குற்றம் சொல்லுவது சுலபம். அவருடைய நியாயத்தையே நாம் வேறு வார்த்தையிலே பேசிக்கொண்டிருந்தால்?

1906-ல் லாஸ் ஏஞ்சலஸ் பட்டணத்து அசூசா தெருவிலே ஆவியானவர் ஊற்றப்பட்டபோது, அங்கே முன்னின்ற வில்லியம் சீமோர் ஐயர் அடிமைகளாயிருந்த கறுப்பின ஜனங்களின் மகன். கறுப்பரும் வெள்ளையரும் பல இடங்களில் ஒன்றாய் உட்காரக்கூடாத தேசத்திலே, அந்தப் பழைய கட்டிடத்துக்குள்ளே எல்லாரும் ஒன்றாய் முழங்காலிட்டார்கள். உலகம் முதலாவது கண்ட அடையாளம் அதுதான். பிறகு நிறத்தின்படி சபைகள் பிரிந்தபோது எழுப்புதலின் பலமும் குறைந்துபோயிற்று. அபிஷேகம் நாவிலே மாத்திரம் இறங்கிப் பந்தியிலே இறங்காவிட்டால், அது பாதி வழியிலே நின்றுபோன அபிஷேகம்.

சாஸ்திரியாருடைய பாட்டை விட்டுவிடச் சொல்லவில்லை. இன்னும் அதிகமாய்ப் பாடுவோம். அவர் ராஜாவுக்கு முன்பாக நின்றதைப்போல நிற்போம். ஆனால் அவர் நின்றுவிட்ட இடத்திலே நாமும் நின்றுவிட வேண்டாம், ஒரு அடி தாண்டி நடப்போம். அடுத்த இராப்போஜன ஆராதனைக்கு முன்பாக, நீங்கள் இதுவரை யாருடைய வீட்டிலே கை நனைக்கவில்லையோ, அந்த வீட்டுக்குப் போங்கள். ஒரு டம்ளர் டீ வாங்கிக் குடியுங்கள். அவர்களோடே அவருடைய கீர்த்தனை ஒன்றைச் சேர்ந்து பாடுங்கள். பிறகு வந்து கர்த்தருடைய பந்தியிலே சேருங்கள்.

ஜெபிப்போமா? அன்பின் பரலோகப் பிதாவே, உம்முடைய தாசனுக்குக் கொடுத்த பாட்டுக்காக ஸ்தோத்திரம். அவர் காணாமற்போனதை நாங்கள் காண எங்கள் கண்களைத் திறந்தருளும். விழுப்புரத்திலும், திண்டிவனத்திலும், சுற்றுப்புறக் கிராமங்களிலும் உள்ள உம்முடைய சபைகளை ஒரே பந்தியிலே உட்காரவையும். எங்கள் பாட்டு மாறினதுபோல எங்கள் நடையும் மாறட்டும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஜீவனுள்ள பிதாவே. ஆமென். அல்லேலூயா!